இடித்துக் கட்டுவதா, பிரித்துக் கட்டுவதா, இருப்பதைப் பழுதுபார்ப்பதா? ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக்கு முன்

காவிரிக் கரையில் எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு கோயில் இருக்கும். கருங்கல்லில் கட்டிய சின்ன விமானம், அதன் தலையில் வேர்விட்ட ஆலங்கன்று, ஒழுகும் அர்த்தமண்டபம், பாதி மண்ணில் புதைந்த சண்டிகேசுவரர் சன்னிதி. குருக்கள் ஒருவேளை வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். ஒருநாள் வெளியூரில் நல்ல நிலைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர், "நம்ம கோயிலை எடுத்துக் கட்டிடலாம், நான் தர்றேன்" என்று சொல்வார். ஊர்க்கூட்டம் கூடும். அங்கே எடுக்கப்படும் முடிவுதான் அந்தக் கோயிலின் அடுத்த சில நூறு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் அந்த முடிவு ஒரே மாலையில் எடுக்கப்படுகிறது.

கூட்டத்தில் வழக்கமாக மூன்று பேச்சு எழும். முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது ஒன்று. கல்லுக்குக் கல் நம்பர் போட்டுப் பிரித்து, அஸ்திவாரத்தைச் சரிசெய்து, அதே கல்லை வைத்துத் திரும்பக் கட்டலாம் என்பது இன்னொன்று. எதையும் பிரிக்காமல் நிற்கிற நிலையிலேயே பழுதுபார்க்கலாம் என்பது மூன்றாவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றளியாக, அதாவது கல்லால் கட்டிய பழைய கோயிலாக இருந்தால், அதிலும் கல்வெட்டு இருந்தால், மூன்றாவதுதான் சரி. இரண்டாவது, வேறு வழியே இல்லாத பகுதிக்கு மட்டும். முதலாவது கூடவே கூடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதல் யோசனையைச் சொல்கிறவர்களும் பக்தியால்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய வாதத்துக்கும் நேர்மையான பதில் தர வேண்டும்.

முதலில், இருப்பது என்ன?

எல்லாக் கிராமக் கோயிலுக்கும் ஒரே விதி கிடையாது. அய்யனார் கோயிலில் புரவியெடுப்புக்கு வேளார் புதிதாக மண்குதிரை செய்வதுதான் மரபு; பழைய குதிரை உடைந்து மண்ணோடு போவதில் தவறில்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் ஓடு வேய்ந்து கட்டிய அம்மன் கோயிலைப் பெரிதாக எடுத்துக் கட்டுவதும் ஊரின் விருப்பம். நான் இங்கே பேசுவது கற்றளிகளைப் பற்றி மட்டும்.

உங்கள் ஊர்க் கோயில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கருவறையின் வெளிச்சுவருக்குப் போங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பிடித்தால், பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில் எழுத்து எழுந்து நிற்கும். சுவரில் மட்டும் பார்க்காமல் குனிந்து கீழேயும் பாருங்கள். சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிட்டானத்தில் அடியில் தட்டையாக ஓடும் ஜகதி, அதன் மேல் உருண்டையாகவோ பட்டை தீட்டியோ இருக்கும் குமுதம், அதற்கும் மேல் கண்டம், பட்டிகை என்று வரிசை போகும். ஜகதியிலும் குமுதத்திலும்தான் பல ஊர்களில் நீளமான கல்வெட்டுகள் ஓடுகின்றன. "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கி, "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று போனால் அது முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் புகழைச் சொல்லும் முன்னுரை. நுந்தாவிளக்கு (அணையா விளக்கு) எரிக்கச் சாவா மூவாப் பேராடு (எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டிய ஆடுகள்) 90 விட்டது, நெல் அளந்தது, வாய்க்கால் வெட்டியது, நிலத்துக்கு எல்லை சொன்னது எல்லாம் அங்கே இருக்கும். உங்கள் ஊரின் பழைய பெயரே அங்கேதான் இருக்கும்.

அப்புறம், இந்தக் கல்வெட்டுகள் ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1887 முதல் ஆண்டறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் வருகின்றன. மாநிலத் தொல்லியல் துறையும் மாவட்டவாரியாக நூல்கள் போட்டிருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாம். ஒரு கல்வெட்டு எண் கையில் இருந்தால் ஊர்க்கூட்டத்தின் பேச்சே மாறிவிடும். "பழைய கல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் "ராஜேந்திரன் காலத்துக் கோயில்" என்று சொல்லத் தொடங்குவார்கள். அந்த மாற்றம் பெரியது.

இடித்துக் கட்டலாம் என்பவர்களின் வாதம்

இந்த யோசனைக்கு ஏன் இவ்வளவு ஆதரவு கிடைக்கிறது என்பது புரிகிறது. செலவை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். கும்பாபிஷேகத் தேதியை நிச்சயித்துக்கொண்டு வேலை பார்க்கலாம். உபயம் கொடுப்பவருக்கும் தன் பணம் எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியும். பழைய சுவரின் விரிசலுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. இருட்டும் வௌவாலுமாகக் கிடந்த சன்னிதி விசாலமாக, காற்றோட்டமாக மாறும். கோயிலுக்கு ஆள் வர வேண்டும் என்ற ஏக்கம் இதில் இருக்கிறது. அது நியாயமான ஏக்கம்.

இதை ஆதரிப்பவர்கள் ஒரு சரித்திர வாதமும் வைப்பார்கள்: "சோழர்களே பழைய கோயிலை எடுத்துவிட்டுத்தானே கல்லில் கட்டினார்கள்? செம்பியன் மாதேவியார் செய்ததுதானே இது?" உண்மைதான். செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றியவர் சோழ அரசியான அந்த அம்மையார். ஆனால் அவர் அதை எப்படிச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். திருக்கோடிகாவலில் அவர் கற்றளி எடுத்தபோது, அங்கே தனித்தனிக் கற்களில் கிடந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். "இது பழங்கற்படி" (பழைய கல்லின் நகல்) என்ற குறிப்போடு அவை இன்றும் இருக்கின்றன. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமழபாடியில் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துக் கல்லால் எடுக்கச் சொன்னான். அதற்கு முன்பே அங்கிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளப்பட்டன. அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய விமானத்தில் வெட்டப்பட்டன. ஒரு தலைமுறை தாண்டியும் அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். சோழர் வழியில் நடக்கிறோம் என்று சொல்வதானால் இதையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். இன்றைக்கு எந்த ஊரில் இடிப்பதற்கு முன் அப்படிப் படியெடுத்து, புதுச்சுவரில் வெட்டி வைத்தார்கள்?

இன்னொரு வேறுபாடும் உண்டு. அவர்கள் செங்கல்லை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தார்கள். குறைந்த ஆயுளுக்குப் பதில் நீண்ட ஆயுள். நாம் ஆயிரம் ஆண்டு நின்ற கல்லை எடுத்துவிட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் வைக்கிறோம். ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும், ஊதும், கான்கிரீட்டைப் பிளக்கும். அபிஷேக நீர் தினமும் ஓடுகிற இடம் அது. பேரன் காலத்தில் திரும்பவும் இடித்துக் கட்ட வேண்டிவரும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பெரும் பொருட்செலவில் பல பாடல் பெற்ற தலங்களைத் திருப்பணி செய்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல தலங்களில் இன்று பூசையே இருந்திருக்காது. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அந்தத் திருப்பணிகளில் பல சோழர் விமானங்கள் போய்ப் புதுக்கல் வந்தது, கல்வெட்டுகளும் போயின. சில இடங்களில் அரசுக் கல்வெட்டாளர்கள் முன்பே எடுத்து வைத்த படி மட்டும்தான் இன்று மிச்சம். அவ்வளவு பக்தியோடும் செல்வத்தோடும் செய்தவர்கள் கையிலேயே இப்படி நேர்ந்தது என்றால், அவசரத்தில் செய்கிற நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பெயர் வைக்காத நான்காவது வழி

ஊர்க்கூட்டத்தில் யாரும் இதை ஒரு வழியாகவே சொல்ல மாட்டார்கள். ஆனால் அதிகக் கோயில்களுக்கு நடப்பது இதுதான்: இடிக்கவும் இல்லை, முறையாகப் பழுதுபார்க்கவும் இல்லை. சிமெண்டு பூசி, டைல்ஸ் ஒட்டி, சுவரை மணல் பீய்ச்சித் தேய்த்து, எனாமல் பெயிண்ட் அடித்துக் கும்பாபிஷேகம் செய்துவிடுவது. என்னைக் கேட்டால் முழுக்க இடிப்பதற்கு அடுத்தபடியாக அதிகக் கேடு செய்வது இதுதான். பார்க்க நன்றாக இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

தரையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராகாரத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்று பழைய தரை மேலேயே ஒரு அடி மண் போட்டுப் புதுக் கல் பாவுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த திருப்பணியில் இன்னொரு அடுக்கு. ஜகதி முழுக்கப் புதைகிறது, குமுதம் பாதி புதைகிறது. அதிட்டானத்தில் எழுதியிருந்தது மண்ணுக்குள் போய்விட்டது. அதோடு முடியவில்லை. வெளியே தரை உயர உயரக் கருவறை பள்ளமாகிவிடும். அபிஷேக நீர் கோமுகி வழியாக வெளியேற முடியாமல் உள்ளேயே ஊறும். ஊறும் நீர் அஸ்திவாரத்தை இளக்கும். சுவர் இறங்கும். பிறகு "கோயில் பலவீனமா இருக்கு, இடிக்கணும்" என்று இன்னொரு கூட்டம். தண்ணீர் நிற்பதற்குத் தீர்வு வடிகால்தான். தரையை உயர்த்துவது அதற்குத் தீர்வாகாது.

மணல் பீய்ச்சுவதும் அப்படித்தான். சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே நாளில் போய்க் கல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். கூடவே உளியின் தடமும் சிற்பத்தின் மூக்குநுனியும் எழுத்தின் ஆழமும் போய்விடும். இந்த முறைக்குத் தடை இருக்கிறது. இருந்தும் யாராவது மிஷின் கொண்டுவந்தால் ஊர்க்காரர்கள் நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். தண்ணீர், நார்த் தூரிகை, மூங்கில் சிராய், பொறுமை இவை போதும்.

கூரை மேல் சிமெண்டுத் தளம் போடுவதையும் சொல்ல வேண்டும். ஒழுகுகிறது என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால், கீழே இருக்கும் கல் உத்திரம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் நடுவில் விரிசல் விடும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. பழைய மண்டபங்களில் உத்திரத்துக்குக் கீழே இரும்புத் தூண் முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்தால், மேலே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள்.

பிரித்துக் கட்டுவது: எப்போது சரி, எப்போது ஆபத்து

இந்த முறைக்கு ஒரு கவர்ச்சி உண்டு. கல் பழசுதான், கட்டுமானம் மட்டும் உறுதியாகிறது. அஸ்திவாரம் உட்கார்ந்து சுவர் செங்குத்திலிருந்து விலகிவிட்டால், மர வேர் கல் வரிசைகளை இடம்பெயர்த்துவிட்டால், உத்திரம் இரண்டாகப் பிளந்துவிட்டால், அந்தப் பகுதியைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. அப்போது இது நியாயமான வழி. ஸ்ரீசைலம் அணையில் மூழ்கவிருந்த கூடலி சங்கமேசுவரம் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூரில் திரும்பக் கட்டினார்கள். முறையாகச் செய்தால் முடியும்.

ஆனால் காலம். வாரங்கலை அடுத்த அனுமகொண்டாவில், 1163-இல் காகதீய ருத்ரதேவன் கட்டிய ஆயிரங்கால் கோயிலின் கல்யாண மண்டபத்தை மத்திய தொல்லியல் துறை 2006 வாக்கில் பிரித்தது. அது திரும்ப எழுந்து திறக்கப்பட்டது 2024 மார்ச்சில். ஒரு துறையின் முழு பலமும் பின்னால் இருந்த இடத்தில் இவ்வளவு காலம். நம்மூர்ப் பக்கம் கும்பகோணத்தை அடுத்த மானம்பாடியில், முதலாம் ராஜேந்திரன் காலத்து நாகநாதசுவாமி கோயில் திருப்பணிக்கென்று பிரிக்கப்பட்டு, கற்கள் ஆண்டுக்கணக்கில் தரையில் கிடந்தன. 2017-இல் யுனெஸ்கோ குழு தமிழகக் கோயில்களைப் பார்வையிட்டுக் கொடுத்த அறிக்கை, இப்படிப்பட்ட வேலைகளைக் கடுமையாகவே விமர்சித்தது.

பிரித்த கோயில் என்பது கோயிலும் இல்லை, கல் குவியலும் இல்லை என்ற நிலை. சுவாமி பாலாலயத்தில், அதாவது தற்காலிகச் சன்னிதியில் இருப்பார். ஊருக்குத் திருவிழா கிடையாது. நம்பர் போட்ட பெயிண்ட் நாலு மழைக்கு அழியும். மேஸ்திரி மாறிவிடுவார், எந்தக் கல் எந்த வரிசை என்று தெரிந்தவர் போய்விடுவார். செயல் அலுவலருக்கு இடமாற்றம் வரும். உபயதாரருக்கு ஏதாவது கஷ்டம் வரலாம். அதற்குள் நாலு கல் எங்கேயோ போயிருக்கும். அங்கே புதுக்கல் வரும், அதோடு கல்வெட்டின் நடுவில் ஓட்டை விழும்.

அதனால் பிரித்தே ஆக வேண்டும் என்று வந்தால் ஊர் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முழுத் தொகையும் கையில் இருக்கிறதா? பாதிப் பணத்தில் தொடங்கவே கூடாது. ஒவ்வொரு சுவருக்கும் வரைபடம் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் அதில் எண் குறித்திருக்கிறார்களா? எண் கல்லின் முகத்தில் இல்லாமல் மறையும் பக்கத்தில் இருக்கிறதா? புகைப்படமும் வரைபடமும் ஸ்தபதியிடம் மட்டும் இல்லாமல் ஊரிலும் ஒரு பிரதி இருக்கிறதா? கல்வெட்டுக்கெல்லாம் மைப்படி (தாளில் மையால் எடுக்கும் நகல்) எடுத்தாயிற்றா? கல்லை அடுக்கி வைக்கக் கோயில் வளாகத்துக்குள்ளேயே இடம் உண்டா? எவ்வளவு பிரிக்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். வடக்குச் சுவர் சரிந்திருந்தால் வடக்குச் சுவரை மட்டும் பிரிக்கலாம். "எல்லாத்தையும் பிரிச்சிட்டா வேலை சுலபம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். சுலபம் அவருக்கு.

இருக்கிற நிலையிலேயே பழுதுபார்ப்பது

கற்றளியின் சுவர் வெளியிலிருந்து பார்க்க ஒரே கல்போல இருந்தாலும், பல இடங்களில் உள்ளே ஒரு கல் முகம், வெளியே ஒரு கல் முகம், நடுவில் உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்பும் நிரப்பியது. மேலே தளம் பழுதானால் மழைநீர் இறங்கி இந்த நடுப்பகுதியைக் கரைத்துக்கொண்டு போகும். உள்ளே வெற்றிடமாகும், வெளிமுகம் வயிறு தள்ளும். கோயில் "பலவீனமாவது" பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே பழுதுபார்ப்பு எப்போதும் உச்சியிலிருந்து கீழே வர வேண்டும்.

முதல் வேலை செடி. விமானத்தில் முளைத்த ஆலையும் அரசையும் பிடித்து இழுக்கக் கூடாது. வேரோடு கல்லும் வரும். தண்டை வெட்டி, மிச்ச வேரில் மருந்து செலுத்திப் பட்டுப்போக விட்டு, பிறகு முடிந்த மட்டும் எடுத்து, இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். அடுத்தது கூரைத் தளம். பழைய சிமெண்டு அடுக்குகளை நிதானமாக அகற்றி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதிப்பது பழைய முறை. பாரம் குறையும், ஒழுகலும் நிற்கும். மூன்றாவது சுவர். வெற்றிடத்தில் நீர்த்த சுண்ணாம்புக் கலவையை மெல்ல மெல்லச் செலுத்தி நிரப்புவார்கள். கடைசியாகத் தரையைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, சுற்றிலும் வடிகால் அமைப்பது. தரையை இறக்கும்போதுதான் பல ஊர்களில் புதைந்திருந்த அதிட்டானம் வெளியே வருகிறது. அந்த நாளில் ஊர் மொத்தமும் வந்து நிற்கும். திருப்பணிக்கு அதற்குப் பிறகு ஆள் சேர்க்க வேண்டியதே இல்லை.

சுண்ணாம்பு என்றதும் எஸ்டிமேட் போடுபவர் முகம் சுளிப்பார். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, நீற்றி, வாரக்கணக்கில் ஊற வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்க வேண்டும். இறுகுவதற்கும் நாளாகும். இதைக் கையாளத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, மூச்சுவிடும். கல்லோடும் செங்கல்லோடும் சேர்ந்து அசையும். நாளைக்குத் தவறென்று தெரிந்தால் கல்லைச் சேதப்படுத்தாமல் எடுத்துவிடலாம். சிமெண்டை எடுக்க உளியும் சுத்தியலும் வேண்டும். கூடவே கல்லின் விளிம்பும் பெயர்ந்து வரும்.

இதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய் என்று யாரும் சொல்ல வேண்டாம். கும்பகோணம் பக்கத்தில் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் சிதைந்து காடாகக் கிடந்தது. அறநிலையத்துறை வழியாகவே, பழைய முறைகளை விடாமல் புனரமைத்து, 2023 செப்டம்பரில் குடமுழுக்கு நடந்தது. 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அது பெரிய நகரத்துக் கோயிலும் இல்லை, உண்டியல் வருமானம் கொட்டுகிற தலமும் இல்லை, ஒரு கிராமத்துக் கோயில். ஸ்ரீரங்கம் 2017-இல் அதே விருது வரிசையில் இடம்பெற்றது. அங்கேயும் பிற்காலத்தில் சேர்ந்த தேவையற்ற கட்டுமானங்களை அகற்றியது திருப்பணியின் முக்கியமான பகுதி.

இந்த வழியின் குறையையும் மறைக்கக் கூடாது. செலவை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது. தளத்தைத் திறந்து பார்த்தால்தான் உத்திரத்தின் நிலை தெரியும். மழைக்காலத்தில் வேலை நிற்கும். வேலை முடிந்தும் கோயில் "பழசாகவே" இருக்கும். பணம் கொடுத்தவர்களில் சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். அவர்களை முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசுவது ஸ்தபதியைத் தேடுவதைவிட முக்கியமான வேலை.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

பணம் சேரும்வரை காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் காத்திருக்கும்போது விமானத்துக்கு மேல் தகரக் கொட்டகை போட்டு மழையைத் தடுங்கள், சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுங்கள், செடியை வளர விடாதீர்கள். காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. விரிசல் திடீரென்று வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் விழுந்தது.

யார் வழியாகச் செய்வது

கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள்தான் செய்ய வேண்டும். 2010 திருத்தத்துக்குப் பிறகு சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாநிலத் தொல்லியல் துறைக்கும் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பட்டியல் உண்டு. நம் கிராமக் கோயில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலும் வராமல், 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறநிலையத்துறையில் இருப்பவை.

"துறைக்குப் போனால் இழுத்தடிப்பார்கள், நாமே செய்துவிடலாம்" என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. தாமதம் இருக்கிறது. ஆனால் மண்டல, மாநில வல்லுநர் குழுக்களின் பார்வைக்குப் போவதால் ஒரு நன்மையும் இருக்கிறது: தொல்லியல் தெரிந்த ஒருவர் எஸ்டிமேட்டைப் பார்க்கிறார். அந்தக் குழுவிடம் ஊர் சும்மா போய் நிற்காமல், கல்வெட்டு எண், பழைய புகைப்படம், இப்போதைய சேதத்தின் படங்கள், "சுண்ணாம்பில்தான் வேண்டும், தரையை உயர்த்தக் கூடாது" என்ற எழுத்துபூர்வமான கோரிக்கை ஆகியவற்றோடு போனால் மறுப்பது கடினம். சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று கோயில் பாதுகாப்பு குறித்து 75 உத்தரவுகள் பிறப்பித்த தீர்ப்பும் ஊரின் பக்கம் இருக்கிறது.

பணத்துக்கு, கிராமக் கோயில்களுக்கு அரசு ஆண்டுதோறும் கொடுக்கும் இரண்டு, இரண்டரை லட்சம் ரூபாய் நிதி கற்றளிக்குப் போதாது. செடி அகற்றவும் தளத்தின் ஒரு பகுதிக்கும் வரும், அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டு கடந்த கோயில்களுக்கென்று 2022-இல் அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கியதைப் போன்ற வாய்ப்புகள் வரும்போது, மனுவோடு முதலில் நிற்க ஆவணம் தயாராக இருக்க வேண்டும். உபயதாரர் மூலம் செய்தாலும் துறையின் அனுமதியோடு, யாரை வேலைக்கு அமர்த்துவது என்பதை வல்லுநர் குழு சொல்கிறபடி செய்யலாம். உபயதாரர் தன் வீடு கட்டிய மேஸ்திரியையே கோயிலுக்கும் அழைத்து வருவதைத்தான் தடுக்க வேண்டும்.

கோயிலின் செப்புத் திருமேனிகள் அறநிலையத்துறையின் சிலைப் பாதுகாப்பு மையத்தில் இருக்கின்றனவா என்பதையும் கேட்டுவையுங்கள். அவற்றைத் திரும்பக் கொண்டுவரப் பாதுகாப்பு அறை வேண்டும். அதைத் திருப்பணித் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம். விமானத்தை ஒட்டிக் கட்டாமல், தள்ளி ஒரு மூலையில்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு நான் சொல்வது

சுவர் செங்குத்தாக நின்று, ஒழுகலும் செடியும் மட்டும் பிரச்சினை என்றால், இருந்த நிலையிலேயே பழுதுபாருங்கள்; இரண்டு பட்ஜெட்டாகப் பிரித்து, முதல் வறட்சிக் காலத்தில் தளத்தையும் அடுத்ததில் தரையையும் வடிகாலையும் முடியுங்கள். ஒரு பகுதி மட்டும் இறங்கியிருந்தால், அதை மட்டும் பிரிக்க எழுதிக் கொடுத்து, மீதியைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். விமானம் முழுக்கச் சரிந்து கல் குவியலாகவே கிடந்தால், முதல் செலவு கட்டுவதற்கு வேண்டாம். கற்களை வகை பிரித்து அடுக்கி, படம் எடுத்து, வேலி போடுங்கள். திருப்பணி பத்து ஆண்டு கழித்து வந்தாலும் அப்போது கல் இருக்கும்.

கும்பாபிஷேகத் தேதியை மட்டும் கடைசியில் குறியுங்கள். தேதி முதலில் வந்துவிட்டால் சுண்ணாம்பு காயும் நாளைக் குறைக்கத்தான் எல்லோரும் வழி தேடுவார்கள். மண்டலாபிஷேகம் 48 நாள் முடிந்த பிறகு, தளத்தின் நீர்போக்கு வாயை ஐப்பசி மழைக்கு முன் யார் சுத்தம் செய்வது, விமானத்தில் முளைக்கும் கன்றை யார் மாதம் ஒருமுறை பார்ப்பது, ஒருகால பூசைத் திட்டத்தில் கோயில் சேர்ந்திருக்கிறதா, எண்ணெய் யார் வாங்குவது, இவற்றுக்கும் பெயர் போட்டு, திருப்பணி முடிவெடுக்கும் அதே கூட்டத்தில் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.